குரல் கொடுக்காதவன்

சுகத்தில் சலித்துப்போனவனுக்குத்தான் கஷ்டத்தைத் தேடிப் போகத் தோன்றும். கஷ்டத்தில் பிறந்தவன் எதையும் தேடுவதில்லை. அது அவனுக்கு முன்னாலேயே எழுந்து, வாசலில் செருப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்.

முதலாளியின் இளைய மகன் சிமென்ட் கிடங்குக்கு மூட்டை தூக்க வந்த அன்று, தகரக்கூரைக்குக் கீழே நாற்பது பேர் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். புதுத் துண்டைத் தலையில் சுற்றியிருந்தான். கால் வெறுங்கால். கழுத்தில் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி ஒரு சிலேட்டு தொங்கியது. அதில் எழுதியிருந்தது: "நூறு நாள் மௌனத்தில் இருக்கிறேன். பொறுத்துக்கொள்ளவும்."

"என்னடா எழுதியிருக்கு?" என்று கேட்டாள் பெரியக்கா. கிடங்கில் சிந்திய சிமென்ட்டைப் பெருக்கி அள்ளும் பெண்களுக்கெல்லாம் அவள்தான் தலைவி. கண்பார்வை கொஞ்சம் மங்கல், நாக்கு அப்படியில்லை.

"பேச மாட்டாராம்க்கா."

"ஏன், பல்லு வலியா?"

சிரிப்பில் தூசி பறந்தது. அவனும் சிரித்தான். சிரித்துவிட்டு, இந்தச் சிரிப்பு விரதத்துக்குப் பங்கமா என்று உடனே யோசித்தான். அவனிடம் இருந்த நோயே அதுதான். எதைச் செய்தாலும் அடுத்த நொடி தன்னைத் திரும்பிப் பார்த்துக்கொள்வான்.

அவனுக்கு இருபத்தொன்பது வயது. ஏறாத கார் இல்லை, போகாத ஊர் இல்லை. ஒரு நாள் காலையில் எழுந்து பல் துலக்கும்போது, "நான் எதுக்கு இருக்கேன்?" என்று கண்ணாடியைக் கேட்டானாம். நாற்பது பேரில் எவனுக்கும் அந்தக் கேள்வி வந்ததில்லை. வருவதற்குள் லாரி வந்துவிடும். அவனோ கேள்வியைத் தூக்கிக்கொண்டு மருத்துவரிடம் போனான், மாத்திரை தின்றான், மாத்திரையை விட்டான், கடைசியில் மலைமேல் இருந்த ஒரு குருவிடம் போய் எட்டு மாதம் கண்ணை மூடி உட்கார்ந்தான். குரு சொன்னார்: "சொகுசை விட்டுவிட்டாய். நான் என்பதை விடவில்லை. உன் தகப்பன் செல்வம் எங்கே சுமக்கப்படுகிறதோ அங்கே போய்ச் சும. உடம்பை வருத்து, வாயைக் கட்டு. நூறு நாள்."

அவனுடைய அப்பா இதைக் கேட்டுக் கோபப்படவில்லை. "கோழி மிதிச்சுக் குஞ்சு சாகுமா? தூக்கட்டும். முதுகு ஒடிஞ்சா புத்தி தானா வரும்" என்று மேனேஜரிடம் சொல்லி அனுப்பிவிட்டார்.

ஆக, வந்தவனுக்கு ஊமைச்சாமி என்று பேர் விழுந்தது. வைத்தது நெட்டை. நெட்டை என்பவன் கிடங்கிலேயே குள்ளமான ஆள். பெரியக்காவின் கூடப்பிறந்த தம்பி. தாய் தகப்பன் போனபிறகு அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள்தான். குள்ளனென்றாலும் ஐம்பது கிலோ மூட்டையை முதுகில் வாங்கிக்கொண்டு பலகையில் ஏறும்போது, அவன் பாட்டுக்குப் பேசிக்கொண்டே ஏறுவான்.

இங்கே கிடங்கின் வேலைமுறை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சிமென்ட் மூட்டைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி உயர்த்துவதை அட்டி என்பார்கள். நல்ல அட்டிக்குப் பன்னிரண்டு வரிசை உயரம். அதற்குமேல் போனால் அடி மூட்டைகள் நசுங்கி, நடு வரிசை முன்னால் பிதுங்கும். "வயிறு தள்ளுது" என்பார்கள். வயிறு தள்ளினால் இரண்டு மூச்சு விடுகிற நேரம்தான், மொத்தமும் சரியும். அதனால் கிடங்கில் ஒரே ஒரு சட்டம் உண்டு. சுவரில் எழுதிப் போட்ட சட்டமில்லை, செத்தவர்கள் எழுதிய சட்டம். எவன் பார்த்தாலும், எந்த மூலையில் நின்றாலும், "வயிறு!" என்று தொண்டை கிழியக் கத்த வேண்டும். அதற்குப் பேர் குரல் கொடுப்பது. கேட்டவன் திரும்பிப் பார்க்கமாட்டான். தோளில் இருப்பதைப் போட்டுவிட்டு வாசல் பக்கம் பாய்வான். திரும்பிப் பார்த்தவன் பிழைத்ததில்லை.

தொண்டை கட்டினவனை மேஸ்திரி அன்றைக்கு அட்டிப் பக்கமே விடமாட்டார். ஒருமுறை ஈறு வீங்கி வாயைத் துணியால் கட்டிக்கொண்டு வந்தவனைக்கூட, "போ, பெரியக்காகிட்ட தொடப்பம் வாங்கு" என்று விரட்டிவிட்டார்.

பெரியக்கா அன்றைக்கே மேஸ்திரியை மடக்கினாள்.

"ஏம்ப்பா, தொண்டை கட்டினவனை எல்லாம் எங்கிட்டத் தள்ளிவிடற. இந்த ஊமையை மட்டும் எதுக்கு அட்டிக்கு அனுப்பற?"

"நான் என்னக்கா பண்றது? தொடப்பத்தை நீட்டினேன். சிலேட்டுல எழுதிக் காட்டறாரு, 'பெருக்குவதில் பாரம் இல்லை. நான் சுமக்க வந்தேன்'னு."

"பாரம் இல்லையாமா? குனிஞ்சு குனிஞ்சு எம் முதுகெலும்பு கொக்கி மாதிரி ஆயிருக்கு, அவனுக்குப் பாரம் தெரியலையாமா? அவன் எழுதினா? நீ மேஸ்திரியா, அவன் மேஸ்திரியா?"

"அக்கா, மொதலாளி பையன் கையில தொடப்பத்தைத் திணிச்சா, நாளைக்கு எங்கையில திருவோட்டைத் திணிப்பாங்க. எனக்கு ரெண்டு பொண்ணு. நெட்டையோட ஜோடி சேத்து விடறேன். அவன் ரெண்டு பேருக்கும் சேத்துப் பேசுவான்."

"பேசறதுக்கும் குரல் கொடுக்கறதுக்கும் வித்தியாசம் தெரியாதா உனக்கு?"

மேஸ்திரிக்குத் தெரியும். தெரிந்ததால்தான் லாரியைப் பார்க்கப் போனார்.

முதல் வாரம் ஊமைச்சாமியின் தோள் தோல் உரிந்தது. வியர்வையில் கரைந்த சிமென்ட், கழுத்து மடிப்பில் சுண்ணாம்பாகக் காந்தியது. விரல் இடுக்குகள் வெடித்து, வெடிப்புக்குள் சாம்பல் நிறத்தில் இறுகிப்போயின. மூக்கைச் சிந்தினால் களிமண். அவன் அழவில்லை, ஓடவில்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும். மூன்றாம் வாரத்திலேயே மற்றவர்களுக்குச் சரியாக நடை பிடித்தான். ஆனால் அவன் பட்ட வலியெல்லாம் அவனுக்கு ஒரு சேமிப்பு. சாயங்காலம் அறைக்குப் போய் நோட்டில் எழுதுவான்: "இன்று தோள் எரிந்தது. எரிவது யார்?" நெட்டைக்கும் தோள் எரிந்தது. எரிவது யார் என்று அவனுக்குச் சந்தேகம் வந்ததில்லை.

நெட்டைக்கு அவனை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

"பேசாத ஆளுகிட்டப் பேசறது சாமிகிட்டப் பேசற மாதிரிடா. எதுத்துப் பேசாது. எம் பொண்டாட்டியும் ஒரு நூறு நாள் இப்படி இருந்தா எவ்வளவு நல்லாயிருக்கும்! சொல்லிப் பாத்தேன். கரண்டிதான் பேசுச்சு."

மத்தியானச் சோற்றில் பாதியை அவனுக்குத் தள்ளுவான். தன் மகள் வகுப்பில் வேகமாக ஓடி ஜெயித்ததை நாலு தடவை சொன்னான். "என்னை மாதிரி குட்டைக் காலுதான் அதுக்கும். ஆனா ஓட்டம் பாத்தா, காலுக்கு அடியில தரையே இல்லாத மாதிரி." ஊமைச்சாமி தலையாட்டிக் கேட்டான். கேட்டுவிட்டு நோட்டில் எழுதினான்: "எளிய மனிதர்களின் மகிழ்ச்சி." அவ்வளவுதான் நெட்டையின் மகள்.

கிடங்கில் அட்டி பதினெட்டு வரிசைக்கு ஏறியது போன வருஷம். "இடத்துக்குத்தான் வாடகை. உயரத்துக்கு யாரு வாடகை கேக்கறா?" என்று முதலாளி கேட்டாராம். நல்ல கேள்வி. பதில் சொல்ல வேண்டியவர்கள் அடியில் நின்று தூக்கிக்கொண்டிருந்தார்கள்.

அறுபத்தோராம் நாள் காலை. இரண்டு நாள் மழை அப்போதுதான் விட்டிருந்தது. வடக்கு மூலையில் கூரை ஒழுகி, அடி வரிசை மூட்டைகள் ஈரம் குடித்திருந்தன. நெட்டை அட்டிக்கு முதுகைக் காட்டி நின்று, தலைத்துண்டை உதறிக் கட்டிக்கொண்டிருந்தான். ஊமைச்சாமி பத்தடி தள்ளி நின்றான். பக்கத்தில் வேறு ஆள் இல்லை; மற்றவர்கள் லாரியில் இருந்தார்கள்.

அவன்தான் பார்த்தான். ஒன்பதாவது வரிசையில் ஒரு மூட்டை, தூங்குகிறவன் உதடு மாதிரி மெல்ல முன்னால் வந்தது. அதன்மேல் இருந்தது குனிந்தது.

வாய் திறந்தது. திறந்த வாய்க்குள் அந்தச் சொல்லும் வந்து நின்றது. அந்தக் கணத்தில்தான் அவன் மண்டைக்குள் ஒரு எண் கேட்டது: அறுபத்தொன்று.

வாயை மூடிக்கொண்டான். கையைத் தட்டினான். பலமாகத் தட்டினான், மூன்று தடவை.

நெட்டை திரும்பாமலே சிரித்தான். "என்ன சாமி, கொசுவா?"

அட்டி சரிந்தது.

தூசி அடங்குவதற்குள் எல்லோரும் ஓடி வந்துவிட்டார்கள். ஒவ்வொரு மூட்டையாக இழுத்துப் போட்டார்கள். ஊமைச்சாமியும் இழுத்தான், நகம் பிய்ந்து தொங்கியது தெரியாமல் இழுத்தான். ஆளுக்கு ஆள் கத்தினார்கள், நெட்டை அடியிலிருந்து கத்தினான். நாற்பது பேர் கத்திய அந்தக் கிடங்கில் ஊமைச்சாமி ஒருத்தன் வாய் மட்டும் பூட்டியே இருந்தது. இப்போது திறந்தால், முன்னால் திறக்காததற்கு என்ன பதில்?

நெட்டையை வெளியே எடுத்தபோது இடது கால் முழங்காலுக்குக் கீழே கால் மாதிரி இல்லை. அவனைப் பலகையில் வைத்து லாரியில் ஏற்றினார்கள்.

பெரியக்கா தம்பியோடு லாரியில் ஏறப் போனவள், ஒரு கணம் நின்றாள்.

"யாரு பக்கத்துல இருந்தது? ஏன் குரல் வரல? எனக்குக் குரல் கேக்கலையே! யாருடா இருந்தது?"

எல்லோரும் ஒரே பக்கம் பார்த்தார்கள். ஊமைச்சாமி சிலேட்டில் எழுதி, அவளுக்கு எதிரே நீட்டினான். "மன்னியுங்கள்."

அவள் அதைக் கண்ணுக்குக் கிட்டே இழுத்து, எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"எழுதறியா?" என்றாள் மெதுவாக. "எழுதறியாடா நீ?" சிலேட்டைப் பிடுங்கித் தூணில் அடித்தாள். அது உடைந்த சத்தம் போதவில்லை. கையில் இருந்த விளக்குமாற்றால் அவன் தோளில், தலையில், முகத்தில் அடித்தாள். "எந் தம்பி காலு நசுங்கும்போதும் உனக்கு எழுத்துதான் வருதா? ஆண்டவன் உனக்கு வாயை எதுக்குக் குடுத்தான், நெய்ச்சோறு திங்கவா? உங்க அப்பன் எங்க முதுகுல ஏறினான். நீ எங்க உசுருல ஏறி மோட்சத்துக்குப் போறியா?"

லாரிக்காரன் ஹாரன் அடித்ததால்தான் விட்டாள்.

மறுநாள் மேனேஜர் ஒரு காகிதத்தோடு ஊமைச்சாமியின் அறைக்கு வந்தார். மருத்துவமனையில் நெட்டையின் காலை எடுத்துவிட்டார்கள் என்ற செய்தியை முதலில் சொன்னார். முகத்தை அதற்கேற்ற மாதிரி வைத்துக்கொண்டிருந்தார். பிறகு முகத்தை மாற்றிக்கொண்டு காகிதத்தை வாசித்தார்.

"'அடுக்கு சரியும் அறிகுறி தென்பட்டவுடன் உடன் பணியாளர் ஓசை எழுப்பி எச்சரித்தார். சம்பந்தப்பட்ட தொழிலாளி அதைப் பொருட்படுத்தாமல் கேலி பேசிக்கொண்டு அங்கேயே நின்றார்.' இதுல ஒரு வார்த்தை பொய் இருக்கா, சொல்லுங்க தம்பி? நீங்க கை தட்டினீங்க. கை தட்டறதும் ஓசைதானே? அவன் கொசுவான்னு கேட்டான், லாரில இருந்தவன் காதுலயே விழுந்திருக்கு. திங்கக்கிழமை தொழிலாளர் ஆபீசர் வர்றாரு. நீங்க பேசக்கூட வேணாம். விரதம், எனக்குத் தெரியும். தலையை ஆட்டினாப் போதும். தப்பு அவன்மேலன்னு ஆயிட்டா, கம்பெனிக்கு ஒண்ணும் இல்ல. இல்லைன்னா பதினெட்டு வரிசை வரைக்கும் போயிடும் பேச்சு. அப்பாவுக்கு ரத்த அழுத்தம் வேற."

பொய் இல்லை. அதுதான் அவனைக் கொன்றது. ஒவ்வொரு சொல்லும் நிஜம், மொத்தமும் அயோக்கியத்தனம். தப்பு நெட்டையுடையது என்று எழுதிவிட்டால் நஷ்ட ஈடு கிடையாது, வேலை கிடையாது. அதைவிட, ஆயுசு முழுக்கத் தன் காலைத் தானே தொலைத்தவன் என்ற பேரோடு அவன் ஒற்றைக்காலில் நடக்க வேண்டும்.

ஊமைச்சாமி குருவிடம் ஓடினான். பேசவில்லை, நடந்ததையெல்லாம் தாளில் எழுதிக் கொடுத்தான். குரு கண்ணாடி போட்டு நிதானமாகப் படித்தார். முற்றத்தில் சிஷ்யர்கள் கண்ணை மூடி வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லோருடைய உள்ளங்காலும் வெண்ணெய் மாதிரி இருந்தது. அவனுக்கு ஏனோ கால்கள்தான் கண்ணில் பட்டன.

"அவன் வினை அவனைத் தேடி வந்தது" என்றார் குரு. "நீ அங்கே இல்லாவிட்டாலும் அது விழுந்திருக்கும். நீ கருவி. இது உனக்குக் கிடைத்த பெரிய பாடம். இப்போது வாயைத் திறந்தால் பட்ட பாடெல்லாம் வீண். இன்னும் முப்பத்தெட்டு நாள்."

அவன் தாளைப் பிடுங்கி எழுதினான். பேனா காகிதத்தைக் கிழித்தது. "கால் போனது அவனுக்கு. பாடம் எனக்கா?"

குரு புன்னகைத்தார். "பார், எவ்வளவு கோபம்! இன்னும் உன் நான் சாகவில்லை."

அந்தப் புன்னகைக்குள் நுழைய ஓட்டையே இல்லை. என்ன எறிந்தாலும் வழுக்கி விழுந்துவிடும். அவனுக்கு அந்தப் புன்னகையை எங்கேயோ பார்த்த ஞாபகம். யோசித்துப் பார்த்தான். அறுபது நாளாக அட்டிக்கு அடியில் அதை அவனே போட்டுக்கொண்டு நின்றிருந்தான். நெட்டை மகளைப் பற்றிச் சொன்னபோது, மேஸ்திரி விளக்குமாற்றை நீட்டியபோது, பெரியக்கா பல் வலியா என்று கேட்டபோது. குருவின் காலைத் தொடாமல் எழுந்து வந்தான். எட்டு மாதம் கண்ணை மூடி உட்கார்ந்து வராதது, அந்த மலைப்பாதையில் இறங்கும்போது வந்தது. சுத்தமான கோபம். முதலில் குருமேல், பிறகு அப்பாமேல். பாதி வழியில் அது திரும்பித் தன்மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டது. அது அதற்குப்பிறகு இறங்கவில்லை.

திங்கட்கிழமை, கிடங்கை ஒட்டிய ஆபீஸ் அறை. மின்விசிறி சிமென்ட் தூசியையே சுற்றிச் சுற்றி விசிறியது. ஆபீசர் சலித்த முகத்தோடு பைலைப் புரட்டினார். அப்பா வெள்ளைச் சட்டையில் ஜன்னல் ஓரம். மேஸ்திரி சுவரோடு சுவராக நின்றார். பெரியக்காவை உள்ளே விடவில்லை; வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மேனேஜர் காகிதத்தை வாசித்து முடித்தார்.

"தம்பி மௌன விரதம் சார். தலையாட்டுவார்."

"சரிதானாங்க? நடந்தது இதுதானா?" ஆபீசர் பேனா மூடியைக் கழற்றினார்.

அவன் வாயைத் திறந்தான். காற்றுதான் வந்தது. அறுபத்தேழு நாள் புழங்காத தொண்டை துருப்பிடித்த கதவாக இறுகியிருந்தது. இருமினான். இருமலில் சாம்பல் சளி வந்தது. துடைத்துக்கொண்டு மறுபடி திறந்தான்.

"தட்டினேன்" என்றான். "கத்தல."

யாருக்கும் அது அவன் குரல் என்று பிடிபடவில்லை. அவனுக்கே பிடிபடவில்லை.

"என்ன சொன்னீங்க?"

"கை தட்டினேன் சார். கிடங்குல தட்டறதுக்கு அர்த்தம் கிடையாது. கத்தணும். வயிறுன்னு கத்தணும். அதைக் கேட்டாத்தான் ஓடுவாங்க. நான் பாத்தேன், நேரமும் இருந்துச்சு. கத்தல."

"அவனுக்கு உடம்பு சரியில்ல" என்று அப்பா எழுந்தார். "கொஞ்ச நாளாவே மனசு..."

"தொண்டை கட்டினவனை அட்டிப் பக்கம் விடமாட்டாங்க சார். மேஸ்திரி எனக்குத் தொடப்பம்தான் குடுத்தாரு. நான்தான் மாட்டேன்னேன். வேற யாராவது மாட்டேன்னு சொல்லியிருந்தா வீட்டுக்கு அனுப்பியிருப்பாரு. நான் மொதலாளி மகன். அதான் விட்டாங்க."

மேஸ்திரி தரையைப் பார்த்தார்.

"அட்டி பன்னெண்டு வரிசைதான் போடணும். பதினெட்டு போட்டிருந்தோம். போன வருஷத்துல இருந்து. அப்பா சொல்லித்தான்."

"வாயை மூடுடா!" என்று கத்தினார் அப்பா.

"அறுபத்தேழு நாளா மூடித்தாம்ப்பா இருந்தேன்" என்றான் அவன். "மூடினதுலதான் ஒருத்தன் காலு போச்சு."

ஆபீசரின் சலிப்பு போய்விட்டது. புதுத் தாளை எடுத்தார். ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு எழுதினார். அவன் கையெழுத்துப் போட்டான். தலைக்கு மேல் எந்த ஒளியும் இறங்கவில்லை. தொண்டை எரிந்தது, கை நாறியது, அப்பா அவனைத் தாண்டிப் போகும்போது, "இனிமே வீட்டு வாசப்படி மிதிக்காதே" என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டுப் போனார்.

வாசலில் பெரியக்கா வழிவிடாமல் நின்றாள். ஒரு நல்ல வார்த்தைக்கு அவன் மனசு ஏங்கியது. வெட்கம்கெட்ட மனசு.

"வந்துச்சா குரல்?" என்றாள். "ஒரு வாரம் முந்தி வந்திருக்கலாமே. எந் தம்பி ரெண்டு காலோட வந்து கேட்டிருப்பான்ல?"

அவள் உள்ளே திரும்பி ஆபீசரைப் பார்த்துச் சொன்னாள்: "பதினெட்டை இறக்கிப் பன்னெண்டாக்கற வரைக்கும் எங்க பொம்பளைங்க யாரும் தொடப்பம் தொடமாட்டாங்க சார். அதையும் எழுதிக்குங்க." பெண்கள் உட்கார்ந்தார்கள். ஆண்கள் ஒருவரையொருவர் பார்த்துவிட்டு அவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். மூன்றாம் நாள் அட்டி இறங்கியது. அதில் ஊமைச்சாமிக்குப் பங்கு எதுவும் இல்லை. அவனை யாரும் கூப்பிடவும் இல்லை.

நான்காம் நாள் அவன் மருத்துவமனைக்குப் போனான். கூடத்தில் இருபது கட்டில். நெட்டை கடைசிக் கட்டிலில், ஜன்னலுக்குப் பக்கத்தில் கிடந்தான். போர்வை ஒரு பக்கம் மேடாகவும் ஒரு பக்கம் தட்டையாகவும் இருந்தது. அந்தத் தட்டையைப் பார்க்காமல் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் அவன் நின்றான்.

"பேசறியாமே" என்றான் நெட்டை. குரலில் விளையாட்டு இல்லை. "அக்கா சொன்னா. ஆபீசர்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டியாம்."

"ஆமாண்ணே."

"எல்லாத்தையும்?"

அவன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"நான் இங்க படுத்து ஒரே ஒரு விஷயத்தைத்தான் யோசிக்கறேன். நீ பயந்து போயிட்டியா? பயத்துல வாய் அடைச்சிருச்சுன்னா எனக்குப் புரியும். எனக்கே ஒரு தடவை அடைச்சிருக்கு. அதான் கேக்கறேன். கையைத் தட்டினப்ப என்ன நெனச்ச?"

தப்பிக்க ஒரு வாசலை நெட்டையே திறந்து வைத்திருந்தான். பயம் என்று சொன்னால் போதும். அதை மன்னிக்க அவன் தயாராக இருந்தான். இத்தனை நாள் ஒரு மன்னிப்புக்காக நாய் மாதிரி அலைந்தவன், அதைக் கைக்கெட்டும் தூரத்தில் பார்த்தான்.

"பயப்படல" என்றான். "அறுபத்தொண்ணுன்னு நெனச்சேன். இன்னிக்குக் கத்தினா அறுபது நாளும் போயிடுமேன்னு நெனச்சேன். அப்பறந்தான் கை தட்டினேன்."

நெட்டை அவனையே பார்த்தான். கட்டில் பக்கத்தில் இருந்த டம்ளரை எடுத்து முகத்தில் எறிந்தான். தண்ணீரோடு வந்து நெற்றியில் பட்டுத் தரையில் உருண்டது. அடுத்த கட்டில்காரன் எழுந்து உட்கார்ந்தான்.

"த்தூ! ஒரு நம்பருக்காகவாடா? ஒரு நம்பருக்காகவா? பேயா இருந்தாக்கூடக் காரணத்தோட அடிக்கும்டா. உனக்குப் பாதிச் சோத்தைப் போட்டேனேடா!"

திட்டினான். தாயைத் தகப்பனைத் திட்டினான், குருவைத் திட்டினான், தன்னைத் திட்டினான், ஊமையிடம் வாய் கிழியப் பேசிய தன் வாயைத் திட்டினான். அவன் நின்று கேட்டான். எதையும் மனசில் எழுதிக்கொள்ளாமல் கேட்டான். நெட்டைக்கு மூச்சு வாங்கியது. முகம் கோணியது. வேறு வலி.

"அக்கா எங்க?"

"இங்க இல்லண்ணே. தேடிட்டு வரட்டுமா?"

"அதுவரைக்கும் தாங்காது." பல்லைக் கடித்தான். "கட்டிலுக்கு அடியில பாத்திரம் இருக்கு. எடு."

அவன் குனிந்து எடுத்தான். நெட்டையின் அக்குளில் ஒரு கையும் இடுப்புக்கு அடியில் ஒரு கையும் கொடுத்துத் தூக்கினான்.

"ஐயோ! மூட்டையைத் தூக்கற மாதிரி தூக்காதடா பாவி! அந்தப் பக்கம், அந்தப் பக்கம். காலு இல்லாத பக்கம் பிடி. அங்கதான் தாங்கணும். ம்... இப்ப வெய்யி. தலையை அந்தப் பக்கம் திருப்பிக்க. எம் பொண்டாட்டிகூட இப்படிப் பாத்ததில்ல."

நெட்டையின் கனம் முழுக்க அவன் நெஞ்சில் சாய்ந்தது. ஒரு கால் குறைந்தும் கனமாகத்தான் இருந்தான். ஒரு நிமிஷமோ இரண்டு நிமிஷமோ, அந்த இடுப்பு ஆடாமல் பிடிப்பதைத் தவிர வேறு எதுவும் அவனுக்குத் தெரியவில்லை. முடிந்ததும் மெதுவாகச் சாய்த்துப் படுக்கவைத்தான், துணியை இழுத்து மூடினான், பாத்திரத்தைக் கழிவறைக்கு எடுத்துப்போய்க் கொட்டினான்.

குழாயடியில் கழுவும்போதுதான் உறைத்தது. தூக்கியதிலிருந்து இதுவரை, தன்னை அவன் திரும்பிப் பார்க்கவே இல்லை. பிறந்ததிலிருந்து அப்படி ஒரு இரண்டு நிமிஷம் அவனுக்கு இருந்ததில்லை. உறைத்த உடனே அது போய்விட்டது. மறுபடி அவன் அவனாகவே, கையில் மூத்திரப் பாத்திரத்தோடு நின்றான். இதை ஞானம் என்று சொன்னால் நெட்டை இன்னொரு டம்ளரை எறிவான். அவன் யாரிடமும் சொல்லவில்லை. பாத்திரத்தை இன்னொருமுறை தேய்த்துக் கழுவினான்.

கட்டிலுக்குத் திரும்பியபோது நெட்டை சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். அவன் பாத்திரத்தை அடியில் வைத்தான். தரையில் கிடந்த டம்ளரை எடுத்துக் கழுவித் தண்ணீர் பிடித்து வைத்தான். சிந்திய தண்ணீரைத் துடைத்தான். செய்ய வேறு எதுவும் இல்லாமல் நின்றான்.

"நிக்காத. போ" என்றான் நெட்டை சுவரிடம். "உம் மூஞ்சியப் பாத்தா எனக்கு ரத்தம் கொதிக்குது. நாளைக்கு வராத."

"சரிண்ணே."

அவன் நாலு கட்டில் தாண்டியிருப்பான்.

"டேய்."

திரும்பினான். நெட்டை இன்னும் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"திங்கக்கிழமை அக்காவுக்கும் வேலை, வீட்டுக்காரிக்கும் வேலை. என்னைத் தூக்க ஆள் கிடையாது. காலையில ஏழு மணிக்கு இங்க இருக்கணும். மன்னிச்சிட்டேன்னு நெனச்சுக்கிட்டு வந்தியோ, கழுத்தைத் திருகிடுவேன்."